பேக்கேஜ் நாள்களும் கல்லீரலின் நாள்களும்

கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் கேட்பது, "எத்தனை நாள் இருக்கணும்?" சென்னைத் தனியார் மருத்துவமனைகளில் அதற்கான பதில் செலவு மதிப்பீட்டுத் தாளிலேயே வந்துவிடுகிறது: ஐசியு இத்தனை நாள், வார்டு இத்தனை நாள்.

நாள்களை முன்கூட்டியே திட்டமிடுவது நல்ல வழக்கம்தான். குடல் அறுவைக்காக டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் 1990களில் முன்வைத்த விரைவு மீட்பு முறை, பிறகு கல்லீரலுக்கும் வந்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தங்கும் காலம் எட்டு நாளிலிருந்து ஆறாகக் குறைந்தது. மூக்கில் குழாய், நாள்கணக்கில் பட்டினி, படுத்த படுக்கை என்றிருந்த பழைய முறையை விட, மறுநாளே நடக்கவைத்துச் சாப்பிடவும் வைப்பது நோயாளிக்கு நல்லது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கல், சராசரி கெடுவாக மாறும்போது தொடங்குகிறது. எஞ்சிய கல்லீரல் தாக்குப்பிடிக்கிறதா என்பதற்கு ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனை முக்கியமான அடையாளம். அன்று பிலிருபின் என்ற பித்த நிறமி டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராம் அளவைத் தொட்டு, ரத்தம் உறையும் திறனும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று பிரெஞ்சு மருத்துவர்கள் 2005இல் காட்டினார்கள். பித்தக் கசிவோ வீட்டுக்குப் போன பிறகும் தலைகாட்டலாம். அதனால் வெளியூர்க்காரர்கள் டிஸ்சார்ஜ் ஆனதும் ரயில் ஏறுவதில்லை. மறுபரிசோதனைக்காக மருத்துவமனைக்கு அருகே, கிரீம்ஸ் சாலைப் பக்கம் அறை எடுத்துக் காத்திருக்கிறார்கள். குறைந்ததாகக் கணக்கில் தெரியும் நாள்களில் சில, நர்ஸ் இல்லாத லாட்ஜுக்கு இடம் மாறியவைதான்.

உள்ளூர்க்காரருக்கு வேறு தொல்லை. மயிலாப்பூரில் லிப்ட் இல்லாத பழைய பிளாட்டின் இரண்டாம் மாடி. அங்கே பத்தியம் என்ற பெயரில் ரசம் சாதமும் கஞ்சியும். வெட்டிய பின் மீண்டும் வளரும் கல்லீரலுக்குப் புரதம் வேண்டும்: எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. அறுபது கிலோ ஆளுக்கு நாளுக்கு எழுபது கிராமுக்கு மேல்; ரசம் சாதத்தில் அது வராது. முட்டை தொடாத வீட்டில் பருப்பு, பால், தயிர், பன்னீர், சுண்டல் என்று வேளைவாரியாக எழுதிக் கொடுத்தால்தான் நடக்கும். 'புரதம் அதிகம் சாப்பிடவும்' என்ற ஒற்றை வரியை மாமியார் என்ன செய்வார்? 'கல்லீரலுக்கு நல்லது' என்று யாரோ சொல்லும் நாட்டு மருந்தை டாக்டரைக் கேட்காமல் தரக்கூடாது என்பதும் அந்த உணவுக் குறிப்பில் இருக்க வேண்டும்.

என் பெரிய குறை, நோயாளியைப் போலவே கல்லீரல் வெட்டப்படும் கொடையாளரைப் பற்றியது. உயிருடன் இருப்பவரிடமிருந்து கல்லீரல் பெறும் மாற்று அறுவையில், 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் நெருங்கிய உறவினருக்கே முதலிடம் தருகிறது. நம் நாட்டில் அப்படிக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: மனைவி, தாய், மகள். வலப்பக்க மடலைக் கொடுத்தால் கல்லீரலில் ஏறத்தாழ அறுபது சதவீதம் போகிறது. நோயாளிக்குத் தனி அறை, மாத்திரை அட்டவணை, தொற்றுப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. கொடுத்தவளோ ஒரு வாரம் பத்து நாளில் அதே அடுப்படிக்குத் திரும்புகிறாள். ஆறு வாரத்துக்குக் குறையாமல் தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் தொடக்கூடாதவளுக்கு மாற்றாள் யார் என்று எந்த மதிப்பீட்டுத் தாளும் கேட்பதில்லை.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: ஐந்தாம் நாள் ரிப்போர்ட் பார்க்காமல் அனுப்பமாட்டீர்களே? நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணில் யார் எடுப்பார்கள்? கொடுத்தவருக்கும் தனியாக ஒரு டிஸ்சார்ஜ் திட்டம் உண்டா? பதில் வாய்ப்பேச்சாக வந்தால், எழுதித் தரச் சொல்லுங்கள்.