யாருடைய காது?

வேர்ட்ஸ்வொர்த் 'மேட்டர்' என்ற சொல்லுக்கு 'வாட்டர்' என்பதை இயைபாக வைத்திருப்பதைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் வாசித்த கட்டுரையில் 'செவி தவறிய இடம்' என்று குறிப்பிட்டேன். அந்தத் தீர்ப்பை வாபஸ் பெறுகிறேன். தவறியது என் செவி. அதுவும் என்னுடையதல்ல, பி.ஏ. வகுப்பில் எனக்குப் பொருத்தப்பட்டது.

எங்கள் ஆங்கிலப் பேராசிரியருக்கு டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதிதான் வேதம். 1917இல் அது வெளிவந்தபோது ஜோன்ஸ் ஆதாரமாகக் கொண்டது, ஆண்கள் 'பப்ளிக் ஸ்கூல்'களில் படித்த தென் இங்கிலாந்துக் குடும்பங்களின் பேச்சு. ஒரு வர்க்கத்தின் உயிரொலிகளை ஒரு மொழியின் உயிரொலிகள் என்று மனனம் செய்தோம்.

வேர்ட்ஸ்வொர்த் 1770இல் கம்பர்லாண்டில் பிறந்தவர். அவர் பேச்சில் வடக்கத்தி வாடை பலமாக வீசியதை ஹாஸ்லிட் பதிவு செய்திருக்கிறார். அந்த வாயில் 'வாட்டர்' தெற்கத்தியாரிடம் போல 'ஓ'வை நோக்கி உருண்டு நீள்வதில்லை. குறுகி, 'மேட்டர்' என்பதோடு ஒன்றிவிடுகிறது. இயைபு முழுமையானது.

கீட்ஸ் லண்டன்காரர். சொல்லிறுதி 'ர்' அவர் பேச்சில் கரைந்து உயிரொலியாகவே நின்றது. ஆகவேதான் 'தலையா' என்ற கிரேக்க தேவதையின் பெயரோடு 'ஹையர்' இசைந்தது. 1818 ஆகஸ்டில் 'பிளாக்வுட்ஸ்' இதழில் லாக்ஹார்ட், அவருடைய இயைபுகளைக் 'காக்னி' என்று பழித்து, மருந்துக் கடைக்கே திரும்பிப் போகச் சொன்னார். லாக்ஹார்ட் ஸ்காட்லாந்துக்காரர், அங்கே 'ர்' அழுத்தமாக ஒலிக்கும். ஒலியைப் பற்றிய தீர்ப்பு தொழிலைப் பற்றிய ஏளனத்தில் முடிந்தது தற்செயல் அல்ல. பகலில் லெட்ஜர் எழுதுகிற எனக்கு இது சட்டென்று புரிகிறது.

இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க வைத்தவர் டோனி ஹாரிசன். 1937இல் லீட்ஸில் ரொட்டி சுடுபவரின் மகனாகப் பிறந்தவர். வகுப்பில் கீட்ஸை வாசித்தபோது ஆசிரியர் தன்னை நிறுத்தியதை 1978 தொகுப்பில் கவிதையாக்கினார். லீட்ஸில் 'கப்', 'புட்' இரண்டிலும் ஒரே உயிர். தெற்குதான் பதினேழாம் நூற்றாண்டில் அதை இரண்டாகப் பிளந்துகொண்டது. கொச்சை என்று நிறுத்தப்பட்ட ஒலியே மூத்தது.

அப்படியானால் எந்த இயைபும் தவறில்லையா? உண்டு. கவிஞனின் சொந்த வாயிலேயே இசையாதது தவறு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அந்த வாயைக் கேட்டிருக்க வேண்டும். நமது இயைபு எழுத்தை நம்புவது, ஆங்கிலத்தினுடையது பேச்சை. கண்ணால் யாப்புப் பார்க்கப் பழகிய நாம், காதால் கேட்டதாக எழுதிக்கொண்டிருக்கிறோம். வட்டார வழக்கில் எழுதுகிறவனிடம் 'ஓசை சரியில்லை' என்று நான் சொன்ன சந்தர்ப்பங்கள் இப்போது நினைவுக்கு வருகின்றன. அவற்றையும் வாபஸ் பெற வேண்டியிருக்கும்.