பெட்டிக்குள் ஒரு பூட்டு

கம்ப்யூட்டர் சொல்கிற வாக்கியங்களிலேயே எனக்கு ஆகவே ஆகாதது, 'உங்கள் பயாஸில் விடி-எக்ஸ் முடக்கப்பட்டுள்ளது' என்பதுதான். முடக்கியது யார்? எங்கே போய்த் திறப்பது? மூச்.

தஞ்சாவூர் தெற்கு வீதிப் பக்கம் ஒருவர், வீட்டிலேயே கும்பாபிஷேகப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை டைப்செட்டிங் செய்கிறவர். பதினைந்து வருஷத்து ஃபைல்கள் அத்தனையும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில். அந்த சாஃப்ட்வேரோ எக்ஸ்பியைத் தாண்டி ஓடாது. பழைய பெட்டி மண்டையைப் போட்டதும் புதுசு வாங்கி, அதற்குள்ளேயே விர்ச்சுவல் பாக்ஸ் மூலம் ஓர் எக்ஸ்பி கம்ப்யூட்டரைக் குடிவைக்கப் பார்த்தார். வந்தது மேற்படி வாக்கியம். "மதர்போர்டை மாத்தணும் சார்" என்றாராம் கடைக்காரர்.

ஒரு மண்ணும் மாற்ற வேண்டாம். ஒரே வாய்க்காலில் இரண்டு ஊருக்கு முறைவைத்துத் தண்ணீர் விட மதகடியில் லஸ்கர் நிற்கிறார் அல்லவா? ஒரே பிராசசரை இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் சண்டையில்லாமல் பங்குபோட, அப்படி ஓர் ஏற்பாடு சிப்பிலேயே உண்டு. இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் கொண்டுவந்தன. ஆனால் பல கம்பெனிகள் பெட்டியை விற்கும்போதே அதை அணைத்துத்தான் விற்கின்றன. இதற்குள் வைரஸ் ஒளிந்துகொள்ளலாம் என்று 2006-லேயே ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா செய்து காட்டினார். அதனால் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. அணைத்ததைச் சொல்லாமல் விடுவதில் என்ன நியாயம்?

இன்டெல் செய்தது இன்னும் விசேஷம். 'கோர் 2 குவாட் க்யூ8300' என்ற ஒரே பெயரில் இந்த வசதி இருந்த சிப்பும் விற்றது, இல்லாத சிப்பும் விற்றது! மூட்டையில் பொன்னி என்று எழுதிவிட்டு உள்ளே மோட்டா நெல்லைக் கட்டினால் நம்மூர் கமிஷன் மண்டியில் சும்மா விடுவார்களா? விண்டோஸ் 7-ன் 'எக்ஸ்பி மோட்' இந்த வசதி இல்லாமல் ஓடாது என்று 2009-ல் அடம்பிடித்த மைக்ரோசாஃப்ட், 2010 மார்ச்சில் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டது. விர்ச்சுவல் பாக்ஸ் நேர் எதிர். 2019-ல் வந்த 6.1-லிருந்து இது கட்டாயம்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். 'விர்ச்சுவலைசேஷன்: டிஸேபிள்டு' என்றிருந்தால் பிழைத்தீர்கள். கம்ப்யூட்டர் உயிர்பெறும்போதே எஃப்2 அல்லது டெலிட்டைத் தட்டி பயாஸுக்குள் போய்த் தேட வேண்டும். இன்டெல்லில் பெயராவது புரியும். ஏஎம்டியில் 'எஸ்விஎம் மோட்'. எந்த மகானுபாவர் வைத்த பெயரோ! மாற்றி, சேமித்து, பெட்டியை முழுசாக அணைத்துப் போடுங்கள். வெறும் ரீஸ்டார்ட் சிலதில் எடுபடாது.

அப்புறமும் விர்ச்சுவல் பாக்ஸின் ஓரத்தில் ஒரு பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி மதகைத் தன் கையில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். வேலை மெதுவாக நடக்கும். வேகத்துக்காக 'மெமரி இன்டெக்ரிட்டி'யை அணைக்கச் சொல்வார்கள். அது காவல்காரன், பத்திரிகை டைப் செய்ய ஆமை வேகம் போதும்.

ஒன்று மட்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே முழுக்குப் போட்டுவிட்டது. உள்ளே குடியிருக்கும் எக்ஸ்பிக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்காதீர்கள். ஃபைல்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி முடிக்கிறவரைதான் அதற்கு வேலை.