உறையாத நீலத் திரவம்

கனடாவின் நெடுஞ்சாலைகளில் பனிக்காலத்தில் தூவப்படும் உப்பு, உருகிய பனியோடும் சேற்றோடும் கலந்து, முன்னே விரையும் லாரியின் சக்கரங்களிலிருந்து எழும்பி, பின்வரும் காரின் முன்கண்ணாடியில் படிந்து, ஒரு க்ஷணத்தில் பாதையையே மறைத்துவிடும்போது, ஓட்டுபவரின் பிராணனைக் காப்பது நீலச் சாயமிட்ட அந்தக் கழுவு திரவமே என்பது மிகையன்று. பூஜ்யம் டிகிரியில் உறைந்து தொட்டியையே பிளக்கவல்ல நீரையும், மைனஸ் 97 டிகிரி வரை உறையாத மெதனாலையும் தக்க விகிதத்தில் கலந்து, மைனஸ் 40 டிகிரிக் குளிரையும் (செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒன்றுபடும் அபூர்வ ஸ்தானம் அது!) தாங்கச் செய்த ரசாயன சாதுரியத்தை நான் மனமார வியக்கிறேன்.

ஆயினும் அதன் சுபாவமறிந்தே அதைக் கையாள வேண்டும். ஓட்டத்தின் காற்றில் மெதனால் முந்தி ஆவியாகிவிட, மிஞ்சிய நீர் கண்ணாடியிலேயே உறைந்து திரையிடுமாதலால், வெப்பக்காற்றால் கண்ணாடியைச் சூடாக்கிய பின்னரே தெளிப்பது உசிதம். கோடைத் திரவத்தின் மிச்சத்தோடு கலந்தால் வீரியம் குன்றும். ஆகவே பழையதை முற்றும் தீர்த்து, தெளிப்பு முனைவரை புதியது வந்து சேரும்படி, விசையை விட்டு விட்டு அழுத்த வேண்டும். மெதனால் கொடிய விஷம். குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது.