இரு படங்களில் ஒரு நடிகர்

அரசரையோ புலவரையோ ஓவியமாகத் தீட்டுவோர்க்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு, நடிகரைத் தீட்டுவோர்க்கு உண்டு. அரசர்க்கு முகம் ஒன்று. அதனை உள்ளவாறு வரைந்தால் போதும். நடிகரையோ மக்கள் வேடத்திலேயே கண்டு பழகியிருப்பர். வேடம் புனைந்த முகத்தை வரைந்தால் அது கதைமாந்தரின் படமாகிவிடும். வேடம் கலைந்த முகத்தை வரைந்தாலோ, இவரையா நாம் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்தோம் என்று காண்போர் மயங்குவர். புனேயில் ஜங்கலி மகாராஜ் சாலையில் உள்ள பால கந்தர்வ ரங்கமந்திரில், இவ்விடர்ப்பாட்டிற்கு ஓவியர் கோபால் தேவுஸ்கர் கண்ட விடை உள்ளது. அவர் ஒரே மனிதரை இரு படங்களாகத் தீட்டினார். ஒன்று ஆண் உருவம், மற்றொன்று பெண்வேடம்.

இந்நகரில் வாழும் நம்மவருள் பலர் அவ்வரங்கிற்குப் பன்முறை சென்றிருப்பர். மணி அடித்துவிட்டதே என்ற விரைவில் அப்படங்களைக் கடந்து போயிருப்பர். மராத்தி நாடகம் நம் குழந்தைகளுக்குப் பள்ளித் தோழர் வழியாக அறிமுகமாகிவிடுகிறது. நமக்குத்தான் அது இன்னும் அண்டை வீட்டாரின் செல்வமாகவே நிற்கிறது. ஆதலால் அவர் யார் என்பதைச் சிறிது கூறுவது நன்று.

நாராயண் ஸ்ரீபாத் ராஜஹன்ஸ் என்பது இயற்பெயர். 1888-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் பிறந்தார். சிறுவனாயிருந்தபோது அவர் பாடக் கேட்ட லோகமான்ய திலகர், ‘பால கந்தர்வன்’ என்று பாராட்டியதாகவும், அதுவே பெயராக நிலைத்துவிட்டதாகவும் கூறுவர். 1905-இல் கிர்லோஸ்கர் நாடகக் குழுவிற் சேர்ந்தார். 1913-இல் தோழர்களோடு கந்தர்வ நாடகக் குழுவை அமைத்தார். காடில்கர் இயற்றிய ‘மானாபமான்’ நாடகத்தில் பாமினியாகவும், ‘சுயம்வர்’ நாடகத்தில் ருக்மிணியாகவும், கட்கரியின் ‘ஏகச் ப்யாலா’வில் குடிகாரனின் மனைவி சிந்துவாகவும் அவர் தோன்றியதை மராத்தியர் இன்றும் தலைமுறை வழியாகப் பேசுகின்றனர். அவர் புடைவை உடுத்திய முறையையும் பூச்சூடிய முறையையும் நல்ல குடும்பத்துப் பெண்கள் பார்த்துப் பின்பற்றினர். ஓர் ஆண்மகன் பெண்களுக்குப் பெண்மையின் இலக்கணம் காட்டிய விந்தை அது.

ஓவியத்துக்கு வருவோம். தேவுஸ்கர் மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியிற் பயின்று, பின் இலண்டன் சென்று கற்றவர். மெய்யுருவைக் கண்ணாடிபோற் காட்டும் எண்ணெய் வண்ண மரபே அவருடையது. புதுமை நாடும் திறனாய்வாளர் சிலர் இம்மரபைப் பழமை என்று ஒதுக்குவர். இவ்விடத்து அவர் கூற்று பொருந்தாது. சாயலாகவும் கோடாகவும் குறிப்புக் காட்டியிருந்தால் வேடம் எது, உடல் எது என்னும் ஐயமே நமக்கு எழுந்திராது. இரு படத்திலும் ஒரே நேர்மையோடு, ஒரே உறுதியோடு உருவம் தீட்டப்பெற்றிருப்பதனாலேதான் நாம் திகைக்கிறோம். பெண்வேடப் படத்தில், இது வேடம் என்று நமக்குக் கண்சிமிட்டும் குறும்பு ஓவியரிடம் இல்லை. ஆண் உருவம் மெய், பெண் உருவம் பொய் என்று அவர் தரம் பிரிக்கவுமில்லை.

இதனை நான் மிகைப்படுத்தவில்லை என்பதற்கு அவருடைய வாழ்விலேயே சான்று உண்டு. 1935-இல் பிரபாத் நிறுவனத்தின் ‘தர்மாத்மா’ திரைப்படத்தில் சாந்தாராம் அவரை ஏகநாதராக, ஆண்வேடத்தில் நடிக்கச் செய்தார். ஏகநாதர் மராத்தியர் போற்றும் அடியார்; நடித்தவரோ அவர்கள் கொண்டாடிய கலைஞர். இருந்தும் மக்கள் மனம் முழுதும் ஒப்பவில்லை. மீசையுடனும் தாடியுடனும் தோன்றியவர் அவர்களுக்கு அயலாராகத் தெரிந்தார்போலும்! அவ்வாறாயின், அரங்கிலுள்ள ஆண் உருவப் படமே மக்கள் அறியாத வேடம் என்று கூறினும் பிழையாகாது. படங்களின் முன் நிற்போரைக் கவனித்தேன். கண் முதலிற் செல்வது பெண்வேடத்தின்பால்; பிறகு ஆண் உருவத்தைப் பார்த்து, மீண்டும் முன்னதற்கே திரும்புகிறது. நடிப்பு என்பது இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த ஒன்று. அதனைத் துணியில் தீட்ட இயலாது. இரு படங்களுக்கு நடுவே உள்ள சுவரில் அதற்கு இடம்விட்டது ஓவியரின் பேரறிவு.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. 1894-இல் மும்பையில் அச்சகம் நிறுவிய இரவிவர்மாவின் வண்ணப்படங்கள் மராத்திய இல்லந்தோறும் சுவரில் தொங்கின. அக்காலத்து மேடைக் கதைத்தலைவியரின் உடையிலும் நிற்கும் நிலையிலும் அப்படங்களின் சாயல் படிந்தது என்பர் ஆய்வாளர். படத்திலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து இல்லத்துப் பெண்களின் நடையுடைக்கும் சென்ற அழகு, தேவுஸ்கரின் தூரிகையால் மீண்டும் படமாகியிருக்கிறது. அச்சுப்படம் பார்த்து அழகு கற்றவரைப் படமாகத் தீட்டுவதில் ஒரு பேரிடர் உண்டு. வெறும் நாட்காட்டிப் பொம்மையாக முடிந்துவிடலாம். அவ்விடர் இங்கே முற்றும் நீங்கிவிட்டது என்று கூற என் மனம் இடந்தரவில்லை. பெண்வேடப் படத்தின் பொலிவு சற்று மிகுதிதான்.

குறைகளும் உள. 1911-இல் ‘மானாபமான்’ முதன்முதல் நடைபெற்ற நாளில் அவருடைய பெண்குழந்தை இறந்தது. எனினும் அன்று அவர் பாமினியாக மேடையேறிப் பாடினார். மராத்தி நாடக உலகம் மறவாத செய்தி இது. பட்டும் நகையும் திரைச்சீலையும் மெய்யானவையே வேண்டும் என்று வாரியிறைத்துக் குழுவைப் பெருங்கடனில் ஆழ்த்தினார். வயது ஏறி உடல் தளர்ந்த பின்னரும் பெண்வேடத்தை விட மனம் வரவில்லை. இத்துயரங்களின் நிழல் இவ்விரு படங்களில் எங்கேனும் விழுந்துள்ளதா? எனக்குப் புலப்படவில்லை. நினைவுப்படம் என்றாலே புகழை மட்டும் பாடுவது என்னும் கட்டுப்பாடு ஓவியரின் கையைப் பிடித்திருக்கிறது. குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டா. ஒரே பாடலை ‘வன்ஸ்மோர்’ கேட்டுக் கேட்டு விடியும்வரை இருந்த கூட்டம், கண்ணைவிடக் காதுக்காகவே வந்தது. அக்குரலை நாடுவோர் இசைத்தட்டுகளிடம்தான் செல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் இக்கலைக்குக் குறைவில்லை. மாதவி ஆடிய பதினோராடலுள் காமன் ஆடிய பேடாடலும் ஒன்று எனச் சிலம்பு பேசுகிறது. சுகுண விலாச சபையில் பெண்வேடம் பூண்டு புகழ்பெற்ற ரங்கவடிவேலுவைப் பம்மல் சம்பந்தனார் தம் ‘நாடக மேடை நினைவுக’ளில் நெஞ்சுருகி எழுதிவைத்தார். ஔவையாராகவே நடித்து அப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் டி. கே. சண்முகம். இவர்களை நாம் எழுத்திற் காத்தோம். வேடமும் மனிதரும் அருகருகே நிற்க, நாடகம் பார்க்க வருவோர் நாள்தோறும் காணும் இடத்தில் ஓவியமாகக் காக்கும் எண்ணம் மராத்தியர்க்கு வந்ததுபோல் நமக்கு வரவில்லையே என்று சிறிது பொறாமை கொள்வதில் தவறில்லை.

பால கந்தர்வர் 1967 சூலையில் மறைந்தார். அவருடைய எண்பதாவது பிறந்தநாளாகிய 1968 சூன் 26-இல் அரங்கு திறக்கப்பெற்றது. தம் பெயர் தாங்கிய அரங்கின் திறப்பைக் காண அவர் இல்லை. அக்கட்டடத்தை இடித்துப் புதிதாய் எழுப்பலாம் என்ற பேச்சு 2018-இல் எழுந்தபோது நாடகக் கலைஞர் பலர் எதிர்த்தனர். கூடத்தின் அளவு, இருக்கைகளின் தொகை, வண்டிகள் நிறுத்துமிடம் ஆகியன பற்றி நிரம்பப் பேசினர். படங்களைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். எந்தக் கட்டடமாயினும் ஆகுக. இடமில்லை என்றோ அழகுக்காக என்றோ ஒன்றைக் கீழ்த்தளத்திலும் மற்றதை மாடியிலும் மாட்டிவிடலாகாது. பெண்வேடப் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவர் ஓர் அழகிய பெண். ஆண் உருவத்தை மட்டும் பார்ப்பவருக்கு மறைந்துபோன பெரியவர் ஒருவர். இரண்டையும் ஒருசேரக் காணுமாறு, இடையே அந்த வெறுஞ்சுவரும் இருக்குமாறு மாட்டுதல் வேண்டும்.