நேர்ந்துவிட்ட ரிலே

சட்ட ஆவணங்களை இலக்கியப் பிரதி மாதிரி வாசிக்கிற ஒரு கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. சமீபத்தில் மாட்டிக்கொண்டது அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் பத்தாவது தலைப்பு, 21ஆம் பகுதி. அணுமின் நிலையப் பொருட்களில் பாதுகாப்புக் குறைபாடு தெரியவந்தால் யார், யாருக்கு, எத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்பதுதான் விஷயம். 1977ல் வந்தது. எலும்பு மாதிரி வறண்ட மொழி. ஆனால் வரையறைகள் பகுதியில் 'டெடிகேஷன்' என்ற சொல் வரும் இடத்தில் நின்றுவிட்டேன்.

ஒரு ரிலே. காகித ஆலைக்கும் சர்க்கரை ஆலைக்கும் விற்கிற அதே ரிலே. கேட்டலாக்கைப் பார்த்து வாங்குகிறார்கள். சில சோதனைகள், சில பதிவுகள். அதன்பின் அது அணு உலையின் பாதுகாப்புச் சுற்றில் உட்காரத் தகுதியான பொருளாகிவிடுகிறது. இந்த மாற்றத்துக்குப் பெயர்தான் டெடிகேஷன். ஒரு புத்தகத்தை அப்பாவுக்குச் சமர்ப்பணம் செய்வதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஆனால் எனக்குச் சமர்ப்பணம் என்பதைவிட 'நேர்ந்துவிடுவது' என்பதுதான் சரியாகப் படுகிறது. சந்தையில் பிடித்து வந்த கிடாதான். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட பிறகு யாரும் அதை விலை பேச மாட்டார்கள். கிடா அப்படியேதான் இருக்கிறது, வீட்டுக்காரரின் பொறுப்புதான் மாறிவிட்டது.

இந்த ஏற்பாடு ஆசையில் வந்ததல்ல, வேறு வழியில்லாமல் வந்தது. 1970ல் அமெரிக்கா அணுமின் நிலையங்களுக்குத் தர உறுதிக்கான 18 நிபந்தனைகளை விதித்தது. வடிவமைப்பு, கொள்முதல், ஆய்வு, ஆவணம் என எல்லாவற்றிலும் தடயம் இருக்க வேண்டும். உலைகள் வரிசையாகக் கட்டப்பட்ட காலத்தில் உற்பத்தியாளர்களுக்கு அது கட்டுப்படியானது. 1978க்குப் பிறகு பல பத்தாண்டுகள் புதிய உலைக்கு ஆர்டரே இல்லை. வருஷத்துக்கு நாலு ரிலே கேட்கிற வாடிக்கையாளருக்காக எவன் 18 நிபந்தனையைத் தூக்கிச் சுமப்பான்? ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். உலைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

1988ல் மின் ஆராய்ச்சி நிறுவனமான எப்ரி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நேர்ந்துவிட நாலு வழி. வாங்கிவந்து நீயே சோதித்துப் பார். விற்பவனின் தர ஏற்பாட்டைப் போய்ப் பரிசீலி. தயாராகும்போதே பக்கத்தில் நின்று பார். அல்லது அந்தப் பொருளின் பழைய சரித்திரத்தை நம்பு. நாலாவதைத் தனியாகப் பயன்படுத்துவதற்கு ஒழுங்குமுறை ஆணையம் மறு ஆண்டே கடிவாளம் போட்டது. 'இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல' என்பதை ஆதாரமாக ஏற்க அவர்களுக்குத் தயக்கம். எனக்கு அந்தத் தயக்கம் பிடித்திருக்கிறது. நிலநடுக்கம் வராத வருஷங்களில் எல்லா ரிலேயும் நல்ல ரிலேதான்.

பிரதிக்கு வருவோம். இப்படித் தேர்ந்தெடுத்த பொருள், 18 நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுப் பிறந்த பொருளுக்குச் 'சமமாகக் கருதப்படும்' என்கிறது விதி. சமம் என்று சொல்லவில்லை. தத்தெடுத்த பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாகச் சட்டம் கருதுவதுபோல இது ஒரு புனைவு, ஆனால் நேர்மையான புனைவு. ஏனென்றால் அடுத்த பிடி இறுக்கமானது: யார் நேர்ந்துவிடுகிறாரோ, குறைபாட்டைக் கண்டுபிடிப்பதும் மதிப்பிடுவதும் சொல்வதும் அவர் தலையில். ரிலே செய்தவருக்குத் தன் சரக்கு எங்கே போகிறது என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். நான் தினமும் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் 'இருக்கிறபடி எடுத்துக்கோ, எனக்குப் பொறுப்பில்லை' என்று பெரிய எழுத்தில் கத்துகின்றன. அந்தப் பொறுப்பு அப்புறம் யாரிடம் போகிறது என்று எங்கள் தொழிலில் யாரும் எழுதிவைப்பதில்லை. இங்கே எழுதியிருக்கிறார்கள்.

என் சண்டை வேறு இடத்தில். அதே வரையறை ஒரு வகைப் பொருளை வெளியே தள்ளுகிறது. உற்பத்தியின் நடுவிலேயே பார்த்தால்தான் குறை தெரியும், முடிந்த பிறகு சரிபார்க்க முடியாது என்றால் அது வணிகத்தரப் பொருளாகவே கொள்ளப்படாது. வாசித்தவுடன் சிரித்துவிட்டேன். மென்பொருளுக்கு இதைவிடக் கச்சிதமான வரையறை ஏது? போல்ட்டை இழுத்துப் பார்க்கலாம், ஃபியூஸை எரித்துப் பார்க்கலாம். ஃபர்ம்வேரை எத்தனை நாள் ஓட்டினாலும் வராத உள்ளீடு ஒன்று பாக்கி இருக்கும். 1996ல் எப்ரி இதற்கென்றே இன்னொரு வழிகாட்டி எழுதியது. உடல் சார்ந்த பண்பு, செயல்திறன் பண்பு, இவற்றோடு மூன்றாவதாக 'நம்பகப் பண்பு'. எப்படி வடிவமைத்தார்கள், எப்படிச் சோதித்தார்கள், மாற்றங்களை எப்படிப் பதிவுசெய்தார்கள் என்று போய்ப் பார்க்கச் சொல்கிறது. அதாவது விதி வாசலில் நிறுத்தியதை வழிகாட்டி ஜன்னல் வழியாக உள்ளே கூட்டிவருகிறது. தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் இது விதியைத் திருத்தி எழுத வேண்டிய இடம், ஒரு பண்புக்குப் புதுப்பெயர் வைத்துத் தாண்டுகிற இடமில்லை.

காகிதம் தோற்றால் என்ன ஆகும் என்பதைத் தென் கொரியா காட்டியது. 2012 நவம்பரில் யோங்குவாங் நிலையத்தின் 5, 6ஆம் உலைகளை நிறுத்தினார்கள். ஃபியூஸ், ஸ்விட்ச் போன்ற சில்லறைச் சாமான்கள். அவற்றின் தரச் சரிபார்ப்புச் சான்றிதழ்கள் போலி. பத்தாண்டுகளில் அறுபது சான்றிதழ், ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பாகங்கள். அடுத்த வருஷம் கட்டுப்பாட்டுக் கேபிள்களின் சோதனை அறிக்கைகளும் போலி என்று தெரிந்தது. சுமார் நூறு பேர்மேல் வழக்கு. சான்றிதழ் பொருளைப் பார்க்காமலேயே சாட்சி சொல்லியிருந்தது.

இதை மனதில் வைத்துத்தான் அமெரிக்க ஆணையம் 2022ல் ஏற்றுக்கொண்ட முறையை வாசிக்கிறேன். டிஜிட்டல் சாதனங்களின் நம்பகப் பண்புக்கு, ஐஇசி 61508 தரநிலைப்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழைப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். பொறியாளனாக எனக்கு நியாயம் புரிகிறது. ரசாயன ஆலைகளுக்காக அந்தச் சாதனங்களை உண்மையிலேயே பிரித்து மேய்ந்தவர்கள் அவர்கள். அணுமின் நிலையத்திலிருந்து இரண்டு நாள் வந்துபோகிற தணிக்கைக்குழுவைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். வாசகனாகத்தான் இடறுகிறது. நேர்ந்துவிட்டவரின் கையெழுத்தும் பொறுப்பும் பழையபடி அங்கேயே இருக்கின்றன. சாதனத்தின் உள்ளே போய்ப் பார்த்த கண் மட்டும் வேறொருவருடையது. வாங்கிய சாதனத்தின் ஃபர்ம்வேர் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுகிற வேலையாவது மிச்சமிருக்கிறது. அதை யாரோ ஒரு இளைய பொறியாளர் சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்துகொண்டிருப்பார்.