மரப்பலகையில் பதிந்த அந்நிய முகங்கள்

ஒரு சமூகம் தான் அறியாத மனிதரை எவ்வாறு வரைகிறது என்பது, வரையப்பட்டவரைக் காட்டிலும் வரைந்தவரைப் பற்றியே அதிகம் பேசும். 1859இல் யோகோஹாமா துறைமுகம் அந்நிய வணிகத்திற்குத் திறக்கப்பட்டதையடுத்து ஜப்பானில் பெருகிய ‘யோகோஹாமா-எ’ எனும் மரப்பலகை அச்சோவியங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்கர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், டச்சுக்காரர் ஆகிய ஐந்நாட்டினரைக் காணும் வேட்கை கொண்டிருந்த எடோ நகர மக்களிடையே இவை பெரிதும் விற்பனையாயின. 1860, 1861ஆம் ஆண்டுகளில் இவ்வாக்கம் உச்சத்தை எட்டிற்று. உதகாவா சதாஹிதே 1861இல் ஐந்து தாள்களை இணைத்துப் படைத்த, மேலைநாட்டு வணிகர் கப்பலில் சரக்கேற்றும் காட்சி இவற்றுள் தலைசிறந்ததாகும்.

அந்நிய நகரங்களை வரைந்த ஓவியர்கள் அவற்றை நேரில் கண்டவர்கள் அல்லர். ஐரோப்பியச் சித்திர இதழ்களைப் பார்த்தே வரைந்தனர். அதனால் விளைந்த பிழைகளைச் சுட்டி நகைப்பது எளிது. எனினும், ஜப்பானின் சுங்க உரிமையையும் அந்நியரை விசாரிக்கும் நீதி உரிமையையும் பறித்த 1858ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின் நிழலில் இவை பிறந்தன என்பது நோக்கத்தக்கது. அந்நிலையிலும் இவ்வோவியங்களில் மிகுதியும் வெளிப்படுவது பகைமையன்று. தையல் இயந்திரத்தையும் குதிரைச் சவாரியையும் குடும்பத்தின் விருந்துண்ணலையும் வியந்து நோக்கும் ஆர்வமே.

ஆயினும் இவ்வார்வத்தை முற்றிலும் களங்கமற்றதெனக் கொள்வதற்கில்லை. முந்தைய நாகசாகி ஓவியங்களில் டச்சுக்காரருக்குக் குடைபிடித்து நிற்கும் ஜாவாப் பணியாளர் அவரது செல்வத்தின் அடையாளமாகவே நிற்கிறார். தமக்கென ஒரு கதை அவருக்கில்லை. யோகோஹாமாவில் மேலைநாட்டு வணிகருக்கும் ஜப்பானியருக்கும் இடையே தரகராய் இயங்கிய சீனரும் பல படங்களில் ஓரத்து மாந்தராகவே இடம்பெறுகின்றனர். பார்வை அதிகாரத்தின் பக்கமே முதலில் திரும்புகிறது.

இதன் விளைவை 1894-95 சீன-ஜப்பானியப் போர் ஓவியங்களில் காணலாம். அதே மரப்பலகைக் கலை, நூற்றாண்டுகளாய் எழுத்தும் ஏடும் வழங்கிய அண்டை நாட்டினரை இழிவான கேலிச் சித்திரங்களாக்கிற்று. அறியாத மேலைநாட்டவரை வியப்புடன் வரைந்த கலை, அறிந்த அண்டையரை வெறுப்புடன் வரைந்தது.

அறியாமையே வெறுப்பின் வேர் என நாம் வழக்கமாகக் கூறிவருகிறோம். இவ்விரு தொகுதிகளையும் அருகருகே வைத்து நோக்குவோர் அக்கூற்றை மீளாய்வு செய்ய வேண்டியவராவர். பிறரை அறிதல் மட்டும் போதாது. அவரைத் தமக்கு நிகராக மதிக்கும் மனமும் வேண்டும். அம்மனம் இல்லாதவிடத்து அறிவே இழிவுபடுத்தும் கருவியாகிவிடுகிறது.