யானையின் மறதி

துப்பறியும் தொடர் எதுவானாலும் ஏதாவதொரு புத்தகத்தில் காலை வாரிவிடும். அருவியில் விழுந்த ஷெர்லாக் ஹோம்ஸ் செத்தாரோ இல்லையோ, திரும்பி வந்தவர் பழைய ஆள் இல்லை என்று ஒரு கார்ன்வால் படகுக்காரர் தன்னிடமே சொன்னதாக கானன் டாயில் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1927இல் வந்த கடைசி ஹோம்ஸ் தொகுப்பைப் படித்தவர்கள் படகுக்காரர் கட்சிதான். குரங்குச் சத்தை ஊசியாகப் போட்டுக்கொண்டு கொடியில் தாவி ஏறும் பேராசிரியரை அதில்தான் சந்திக்கிறோம்.

என்னை அதிகம் ஏமாற்றியது அகதா கிறிஸ்டியின் 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்' (1972). துப்பறிவாளர் பாய்ரோவை வைத்து அவர் கடைசியாக எழுதிய நாவல். 1975இல் வெளியான 'கர்ட்டன்' இரண்டாம் உலகப் போரின்போதே எழுதிப் பூட்டி வைத்தது.

கதை நன்றாகவே தொடங்குகிறது. ஓர் இலக்கிய விருந்தில் முன்பின் தெரியாத பெண்மணி ஒருத்தி எழுத்தாளர் ஆரியட்னி ஆலிவரை மடக்கி, உங்கள் ஞானமகளின் அம்மா அப்பாவைச் சுட்டாளா, அப்பா அம்மாவைச் சுட்டாரா என்று கேட்கிறாள். கடற்பாறை மேல் இரண்டு உடல்கள், நடுவே ஒரு துப்பாக்கி. அப்புறம் தொடங்குகிறது சோர்வு. சாவு நடந்து எத்தனை வருடம் என்பதே பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. நான்கு சவுரி, எஜமானியையே கடித்த செல்ல நாய், போதாததற்கு ஓர் இரட்டைச் சகோதரி. இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு பாய்ரோ இன்னும் யோசிக்கிறார். வாசகர் பாதியிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டுக் காத்திருக்கிறார்.

கிறிஸ்டியை வேறு யாரோடும் ஒப்பிட வேண்டாம். 1942இல் வந்த அவருடைய 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' போதும். அதிலும் ஒரு மகள், பதினாறு வருடத்துக்கு முந்தைய சாவு, பழைய ஆட்களின் ஞாபகம். ஆனால் ஐந்து சாட்சிகளும் ஆளுக்கொரு விதமாக நினைவுகூர்கிறார்கள், ஐந்தும் தனித்தனிக் குரல்கள். விஷம் வைக்கப்பட்ட ஓவியர் பீரைக் குடித்துவிட்டு, இன்றைக்கு எல்லாமே நாக்குக்குக் கசக்கிறது என்கிற மாதிரி ஒரு பேச்சு பேசுகிறார். அந்த 'எல்லாமே'யைத் தாண்டி ஓடிவிட்டவர்கள் கடைசியில் திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள். நான் போனேன்.

2009இல் டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிறிஸ்டியின் நாவல்களைக் கணினியில் அலசினார்கள். கடைசிக் கால நாவல்களில் சொல்வளம் சுருங்கியிருந்தது. ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வந்தன. 'ஏதோ', 'எதுவோ' போன்ற பிடிகொடுக்காத சொற்கள் பெருகியிருந்தன. யானை நாவலில் சரிவு மிக அதிகம். மறதி நோயாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். மருத்துவச் சான்று எதுவும் இல்லை. எனக்கு உறைத்தது வேறு: முப்பது வருடத்துக்கு முன் இப்படியொரு பொதுச் சொல்லுக்குள் கொலையின் சாவியையே ஒளித்தவர் இவர்.

எண்பதைத் தாண்டிய கையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தொடரை எப்போது நிறுத்துவது என்பதுதான் சிக்கல். ஸ்வீடனின் ஷோவால், வாலூ ஜோடி பத்தே துப்பறியும் நாவல் என்று முதலிலேயே தீர்மானித்து, 1965 முதல் 1975 வரை எழுதி முடித்துக்கொண்டார்கள். எழுத்தாளர் சிமெனான், துப்பறியும் மேக்ரேயை வைத்து எழுதிய தன் கடைசி நாவலை வெளியிட்டதும் இதே 1972இல்தான்.

பாய்ரோவைப் புதிதாகத் தொடுகிறவர்கள் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' படியுங்கள். யானை அவசரமில்லை.